மொட்டை மாடியில் ஹாம் ரேடியோ கம்பம்: புயலை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடலோரம் எங்கள் வீடு. இப்போதுதான் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமம் கிடைத்திருக்கிறது. 20 அடி ஜி.ஐ. பைப்போடு சாக்கெட் போட்டு இன்னொரு 10 அடியைச் சேர்த்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடித்து, நைலான் கயிற்றால் கட்டினேன். மழைக்காலக் காற்றிலேயே சாய்ந்துவிட்டது. தளத்தைத் துளைத்து கான்கிரீட்டில் பதித்துவிடலாமா? 40 மீட்டர் அலைவரிசைக்கான இன்வெர்ட்டட் வி-யும் (நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் கம்பி ஆன்டெனா) ஒரு வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) ஆன்டெனாவும் மாட்ட வேண்டும்.

பதில்: வேண்டாம். தளத்தைத் துளைத்தால் மழைநீர் இறங்கும். பதித்த பைப் தளத்தைத் தொடும் இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். ஸ்டே கம்பி (கம்பத்தைச் சாயாமல் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டிய கம்பத்தை அடியில் இறுக்கிப் பிடிக்கத் தேவையே இல்லை. எடையைத் தாங்க ஒரு மேடையும், நகராமல் இருக்க ஒரு போல்ட்டும் போதும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 180 கி.மீ. காற்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் விழும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது உங்கள் பக்கத்தில் மின்கம்பங்களே வரிசையாக விழுந்தன. அதனால் பருவமழைக் காற்றைத் தாங்கும்படி கம்பத்தைக் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் இறக்கிப் படுக்க வைத்துவிடுங்கள். புயலுக்குப் பிறகு செல்போன் கோபுரங்கள் செயலிழந்து கிடக்கும்போதுதான் உங்கள் நிலையம் ஊருக்குத் தேவைப்படும். பத்திரமாகப் படுத்திருந்த கம்பத்தை மறுநாளே தூக்கி நிறுத்தலாம்.

சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் அந்த சாக்கெட்டாக இருக்கலாம். மரை வெட்டும் இடத்தில் பைப்பின் கனம் பெரிதும் குறைந்துவிடும், வளைவதும் முறிவதும் அங்கேதான். நீல வளையம் போட்ட மீடியம் ரகத்தில் 2 அங்குல பைப் 20 அடி வாங்குங்கள். அதற்குள் 1½ அங்குல பைப் 10 அடியை, 2 அடி உள்ளே போகும்படி செருகுங்கள். இரண்டுக்கும் நடுவே 4 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கும், தகடு சுற்றி ஆட்டத்தை எடுத்துவிட்டு, குறுக்கே இரண்டு போல்ட் போடுங்கள். மொத்தம் 28 அடி. அடியில் வீடும் இருப்பதால், 40 மீட்டர் அலைவரிசையில் தமிழ்நாட்டுக்குள் பகலில் பேச இந்த உயரம் தாராளம்.

அடுத்த மாடிக்காக மூலைத் தூண்களில் கம்பி நீட்டி விட்டிருந்தால், அவற்றைச் சுற்றிச் சின்னக் கான்கிரீட் மேடை கட்டி, ஒவ்வொன்றிலும் வலுவான கொக்கி பதியுங்கள். கைப்பிடிச் சுவரில் ஸ்டே கட்டவே கூடாது, செங்கலோடு பெயர்ந்து வரும். தளத்தின் நடுவில், பீமுக்கு மேலே, கம்பத்துக்கு ஒரு மேடை. அதில் ஒற்றை போல்ட்டில் மடங்கும் கீல். வழக்கமாக மூன்று ஸ்டே போதும் என்பார்கள். சாய்த்து இறக்கும் கம்பத்துக்கு நான்கு வேண்டும். எதிரெதிர் மூலைக் கொக்கிகள் இரண்டும் கீல் போல்ட்டும் ஒரே நேர்கோட்டில், ஒரே உயரத்தில் இருக்கட்டும். அப்போது இறக்கும்போதும் ஏற்றும்போதும் பக்கவாட்டு ஸ்டேக்களின் நீளம் மாறாது, கம்பம் இடமோ வலமோ ஓடாது. இதைக் கவனிக்காமல் ஏற்றும்போதுதான் கம்பம் பெரும்பாலும் கையை விட்டுப் போகிறது.

ஸ்டேக்களை இரண்டு மட்டத்தில் கட்டுங்கள்: இணைப்புக்குச் சற்றுக் கீழே ஒன்று, உச்சிக்கு அருகே ஒன்று. நைலானை விட்டுவிட்டு 4 மி.மீ. துத்தநாகம் பூசிய ஸ்டீல் வயர் ரோப், டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு), ஒரு முனைக்கு மூன்று கிளிப். கிளிப்பின் யு போல்ட் வெட்டிய முனைப் பக்கம் இருக்க வேண்டும், சுமை தாங்கும் கம்பியின் மேல் அல்ல. ஸ்டேக்களின் நடுவே முட்டை இன்சுலேட்டர் (மின்சாரம் கடத்தாத முட்டை வடிவத் துண்டு) போட்டுத் துண்டாக்கினால் ஆன்டெனாவை அவ்வளவாகக் கெடுக்காது. இன்வெர்ட்டட் வி-யின் சுமார் 10 மீட்டர் நீளக் கைகளை ஸ்டேயாகப் பயன்படுத்தாதீர்கள்.

தூக்க, கீலருகே கம்பத்துக்குச் செங்குத்தாக 10 அடி பைப் ஒன்றை மாட்டி, அதன் நுனி வழியாக உச்சிக் கயிற்றை இழுங்கள். ஆரம்பத்தில்தான் பாரம் அதிகம், மூன்று பேர் இருப்பது நல்லது. அதற்கு முன்னால், கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் தெரு மின்கம்பியையோ வீட்டுக்கு வரும் சர்வீஸ் கம்பியையோ தொடாது என்று அளந்து பாருங்கள். தொடும் என்றால் அந்த இடத்தில் கம்பமே வேண்டாம்.

உப்புக்காற்றுக்கு, வெல்டிங் செய்த இடமெல்லாம் ஜிங்க் பெயின்ட், பைப் உச்சியில் மூடி, அடியில் நீர் வடிய ஓட்டை. கம்பத்தின் அடியிலிருந்து பட்டைக் கம்பியை நேராக மண்ணில் அடித்த எர்த் ராடுக்கு இறக்கி, அந்த ராடை வீட்டு எர்த்தோடும் இணைத்துவிடுங்கள். இடி மழை வருமுன் ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.