கேட்டதும் சொன்னதும்: புள்ளியியல் ஆபீஸுக்குப் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: எம்.ஏ. பொருளியல் முதலாமாண்டு படிக்கிறேன். ஒரு மாதம் எங்காவது பயிற்சிக்குப் போயே ஆகவேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கூடப் படிப்பவர்கள் திருச்சியில் வங்கி, தனியார் கம்பெனி என்று பிடித்துவிட்டார்கள். எனக்கு மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது. "அங்கே போய் ஃபைல் அடுக்கவா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். போகலாமா ஐயா?
– மாணவி, திருத்துறைப்பூண்டி

பதில்: கண்டிப்பாகப் போங்கள் அம்மா. வகுப்பில் உற்பத்தி, பணவீக்கம் என்று படிக்கிறீர்களே, அந்த எண்களை டெல்லியிலும் சென்னையிலும் கூட்டிச் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். அவை பிறப்பது உங்கள் பக்கத்து ஊர் வயலிலும் கடைத்தெருவிலும். பொருளியலில் பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. உங்களுக்குப் பஸ் ஏறினால் கிடைக்கிறது.

முதல் சில நாள் ஃபைலும் கம்ப்யூட்டரில் எண் ஏற்றுவதுமாகத்தான் போகும். அதையும் அக்கறையோடு செய்யுங்கள். மழைமானி நிலையங்களிலிருந்து காலை 8.30 மணிக் கணக்கு வரும், விஏஓ எழுதுகிற கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலிலிருந்து எந்தப் பயிர் எவ்வளவு பரப்பு என்று வரும், இதெல்லாம்தான் கடைசியில் மாவட்டப் புள்ளியியல் கையேடாகவும் பருவ மற்றும் பயிர் அறிக்கையாகவும் அச்சாகிறது. அப்புறம், விலை எடுக்கப் போகும்போது கூடவே வருகிறேன் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கடை, அதே தரம், அதே அளவு. போன முறை விலை எழுதிய பொன்னி புழுங்கல் இன்று கடையில் தீர்ந்துபோயிருந்தால் பக்கத்து மூட்டையில் இருக்கிற வேறு ரகத்தின் விலையை அந்தக் கட்டத்தில் எழுதக்கூடாது. எழுதினால் ஏறாத விலை ஏறியதாகிவிடும்.

ஆனால் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது பயிர் அறுவடைப் பரிசோதனை, அதாவது வயலில் ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் அறுத்து எடை போட்டு மகசூலைக் கணக்கிடுவது. கிராமத்தில் எந்த சர்வே எண் என்பதைச் குலுக்கல் போல வருகிற சமவாய்ப்பு எண்ணை வைத்து எடுப்பார்கள், வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையிலிருந்து எவ்வளவு தூரம் நீளவாக்கில், எவ்வளவு தூரம் அகலவாக்கில் என்பதற்கும் அப்படித்தான். நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று சதுரம் கட்டி, நான்கு மூலையிலும் முளை அடித்து, கயிறு இழுத்து, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அங்கேயே தார்ப்பாயில் அடித்துத் தூற்றி எடை போடுவார்கள். கயிறு ஓடுகிற இடத்தைக் குனிந்து பாருங்கள். கதிர் உள்பக்கம் சாய்ந்திருக்கும், வேர் வெளியே இருக்கும். அதை அறுப்பதா, விடுவதா? கையில் அரிவாள் இருப்பவருக்கு உள்ளே சேர்க்கத்தான் தோன்றும். சதுரம் சின்னதாக இருந்தால் இந்த ஓரத்துக் குத்துகளாலேயே மகசூல் கூடிக் காட்டும் என்று புள்ளியியல் அறிஞர் பி.வி. சுக்காத்மே 1940களிலேயே எழுதினார். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு, அதனால் தராசில் 100 கிராம் தவறினால் அறிக்கையில் ஹெக்டேருக்கு 40 கிலோ தவறும். நின்று பார்த்தவருக்கு இது மறக்காது.

இதற்குப் போகிற மாதம் முக்கியம். கல்லூரிகள் மே மாதம் அனுப்பிவிடுகின்றன, அப்போது நம் பக்கம் வயலில் அறுக்க நெல் அவ்வளவாக இருக்காது. சம்பா, தாளடி பார்க்க வேண்டுமானால் தை, மாசி. குறுவை என்றால் செப்டம்பர், அக்டோபர். துறைத்தலைவரிடம் இதைச் சொல்லி மாதத்தை மாற்றிக் கேளுங்கள். முடியவே முடியாது என்றால் மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் நடக்கிற ஜமாபந்தியைப் பாருங்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிவதற்குள் கிராமக் கணக்குகள் எப்படிச் சரிபார்க்கப்படுகின்றன என்பதும் படிப்புதான்.

இன்னொன்று. விவசாயியிடம் "ஹெக்டேருக்கு எத்தனை கிலோ" என்று கேட்டால் பதில் வராது. "மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை" என்பார். மா என்பது பழைய நில அளவு, நம் பக்கத்தில் மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், ஒரு ஹெக்டேருக்கு ஏழரை மா. மூட்டை 60 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 5,400 கிலோ. அதே ஆள் கொள்முதல் நிலையத்துக்குப் போட்டதைச் சொன்னால் அது 40 கிலோ சிப்பமாக இருக்கும். எந்த மூட்டை என்று கேட்காமல் எழுதாதீர்கள்.

அறிக்கையில் துறையின் வரலாற்றைப் பத்துப் பக்கம் காப்பி அடித்து வைக்க வேண்டாம். ஒரே ஒரு எண்ணை எடுங்கள். அது எந்த வயலில் எடை போட்டது, ஈரம் போக உலர்ந்த எடை எவ்வளவு ஆனது, எந்தப் படிவத்தில் ஏறியது, யார் யார் கையெழுத்து, எந்த அட்டவணையில் போய் உட்கார்ந்தது என்று கடைசிவரை பின்தொடர்ந்து எழுதுங்கள். நிலத்துக்காரர் பெயர், சர்வே எண் எதுவும் அறிக்கையில் வரக்கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் கூடாது. 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் தனியார் கொடுத்த தகவலைக் காக்கச் சொல்கிறது.

கேள்வி: பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு தாத்தா வயலில் அறுத்து எடை போட்டோம். "தம்பி, கொஞ்சம் கொறச்சுப் போடச் சொல்லுப்பா, அப்பத்தான் இன்சூரன்ஸ் வரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. கொஞ்சம் குறைத்தால்தான் என்ன?
– மாணவர், பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் மனசு கஷ்டப்பட்டது சரிதான் தம்பி, அப்படித்தான் படவேண்டும். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் முன்னே நாற்று காய்ந்து, அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழையில் வயல் மூழ்கி, இரண்டையும் ஒரே வருடத்தில் பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கேட்டது பேராசையால் அல்ல.

ஆனாலும் குறைக்கக்கூடாது. பயிர்க் காப்பீட்டில் மகசூல் இழப்பைத் தனி வயலுக்குப் பார்ப்பதில்லை, அறிவிக்கப்பட்ட கிராமம் முழுவதற்கும் இந்த எடைகளிலிருந்து வரும் ஒரே மகசூல்தான். அதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? முந்தைய 7 வருடங்களில் நன்றாக விளைந்த 5 வருடங்களின் சராசரியை வைத்துக் கணக்கிட்ட ஒரு வரம்போடு. ஒரு வருடம் மட்டும் குறைத்துப் போட்டால் அந்த வருடம் கழிந்துபோகலாம். அதுவே பழக்கமானால் சராசரியும் அந்த வரம்பும் இறங்கிவிடும், பின்னால் நிஜமாகவே வயல் மூழ்குகிற வருடம் அதே கிராமத்துக்கு வரவேண்டிய பணம் குறையும். தாத்தாவுக்கு உதவுவதாக நினைத்து அவர் பேரனிடமிருந்து எடுத்துவிடுவோம்.

கூட்டியும் போடக்கூடாது, அதை யார் சொன்னாலும் சரி. விவசாயிகள் பலருக்கு இந்த எடைமேல் நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம், அறுத்தது யாருக்கும் தெரியாமல், முடிவு மட்டும் கடைசியில் தெரிவதுதான். நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: எடை போடும்போது அவரைத் தராசுப் பக்கத்தில் நிற்கவையுங்கள், எண்ணைச் சத்தமாகப் படியுங்கள், ஏன் 25 சதுர மீட்டர், ஏன் இந்த வயல் என்று அவர் பாஷையில் விளக்குங்கள். படிவத்தில் எழுதுவது அலுவலரின் பொறுப்பு, நீங்கள் கைவைக்க வேண்டாம். சதுரம் சரியாகக் கட்டவில்லை, சமவாய்ப்பு எண் காட்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் எடுத்தார்கள் என்று தோன்றினால் அங்கேயே பணிவாகக் கேளுங்கள். அறுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கேள்வி: பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கும் மகனுக்கு இந்தப் பயிற்சியால் அரசு வேலை கிடைக்குமா?
– ஒரு தந்தை, பாபநாசம்

பதில்: பயிற்சியால் நேராகக் கிடைக்காது, தேர்வு எழுத வேண்டும். மாநில அரசின் புள்ளியியல் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. மத்திய அரசில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கு எஸ்எஸ்சியின் பட்டதாரித் தேர்வு, இந்தியப் புள்ளியியல் பணிக்கு யூபிஎஸ்சி. மாதிரி எடுப்பது பற்றிய கேள்விகள் இவற்றில் வரும், வயலில் நின்று பார்த்த பையனுக்கு அந்தப் பாடம் புரியும். மத்தியப் புள்ளியியல் அமைச்சகமும் மாணவர்களுக்குப் பயிற்சி அறிவிக்கிறது, அதன் இணையதளத்தை அவ்வப்போது பார்த்து வரச் சொல்லுங்கள். மாவட்ட அலுவலகத்துக்குத் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதத்தோடு முன்கூட்டியே போகட்டும். உதவித்தொகையை எதிர்பார்க்காமல் பஸ் செலவுக்குக் கையில் காசு கொடுத்து அனுப்புங்கள். சான்றிதழில் தேதியும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.