களைத்துப்போன மகளுக்கு 25 லட்சம் கடன் தீர்வல்ல

நாமக்கல்லிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்துவிட்டு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகக் கோவையில் நடக்கும் ஒரு தனியார் தெரபி சென்டரில் 14 மாதமாக வேலை பார்க்கிறாள். நாளுக்கு ஒன்பது குழந்தைகள், ஆளுக்கு முக்கால் மணி நேரம். ஒரு குழந்தை எழுந்ததும் அடுத்த குழந்தை வந்து உட்கார்ந்துவிடும். செஷன் குறிப்புகளை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் இரவில் எழுதுகிறாள். பெற்றோர் வாட்ஸ்அப்பில் கேட்பதற்கெல்லாம் இரவு பத்து மணியானாலும் பதில் போட வேண்டும். ஒரு நாள் ஒரு குழந்தை கையில் ஆழமாகக் கடித்துவிட்டது. "இந்த வேலையில இதெல்லாம் சகஜம்மா" என்று சொல்லிவிட்டார்கள். ஊசி போட்ட செலவு அவளுடையது. இரண்டு வருட பாண்டில் கையெழுத்து வாங்கி, அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அவளுக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அழுகிறாள்.

இதற்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அத்தை, "மனநலம் அது இதுன்னு வேலை பார்த்தா வரன் எப்படி வரும்?" என்கிறார். தாயின் அண்ணன் வேறு யோசனை சொல்கிறார்: வீட்டை அடமானம் வைத்து 25 லட்சம் கடன் வாங்கி, இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்ஸி. சைக்காலஜி படிக்க அனுப்பலாம், திரும்பி வந்தால் மரியாதையே வேறு. தாய் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "என் பொண்ணு இந்தத் துறைக்கு ரொம்ப மென்மையானவளா?"

இல்லை அம்மா. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில், வேலையில் நீண்ட நாள் தீராமல் சேர்ந்த அழுத்தத்தால் வரும் சோர்வை வேலையோடு தொடர்புடைய நிலை என்றுதான் சொல்கிறது. ஆளின் குணக்கேடு என்று சொல்லவில்லை. ஆனாலும் தூக்கமில்லாமையை இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆறுதலாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனி உங்கள் வீட்டில் எடுக்கப்போகும் முடிவுக்கு எதிராகப் பேசப் போகிறேன்.

முதலில் அந்த சென்டரில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு வருமானம் செஷன் கணக்கில் வருகிறது. குழந்தை எதிரே உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே பணம். குறிப்பு எழுதுவதற்கும், அடுத்த செஷனுக்குத் தயாராவதற்கும், மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து "இந்தக் குழந்தையிடம் நான் செய்வது சரியா" என்று கேட்பதற்கும் யாரும் கட்டணம் தருவதில்லை. அதனால் அந்த வேலையெல்லாம் ஊழியரின் இரவுக்குத் தள்ளப்படுகிறது. ஒருவர் போனால் அடுத்த பட்டதாரி கிடைப்பார் என்ற தைரியம் நிர்வாகத்துக்கு. நஷ்டம் குழந்தைக்குத்தான். சில மாதத்துக்கு ஒருமுறை புதுமுகத்தோடு பழகுவது ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் மகளைக் கேளுங்கள், சொல்வாள்.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. 2022-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ நிறுவனத்தின் சுமார் 2,000 மனநல ஊழியர்கள் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆள் போதவில்லை, நோயாளிகள் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள், செஷனுக்கு வெளியே செய்யவேண்டிய வேலைக்கு நேரமே இல்லை என்பவை அவர்களுடைய முக்கியமான குறைகள். உங்கள் மகள் போனில் அழுதுகொண்டு சொல்வதும் இதேதான்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று எனக்கு இன்னும் கவலை தருகிறது. நியமனக் கடிதத்தில் 'தெரபிஸ்ட்' என்று இருக்கிறது, வாசல் பலகையில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று அவள் பெயர் இருக்கிறது, மதிப்பீட்டு அறிக்கையில் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். 1992-ஆம் ஆண்டு சட்டப்படி, பதிவில்லாமல் செய்தால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை கொடுக்க இடம் இருக்கிறது. பலகை எழுதி வைத்தது நிர்வாகமாக இருக்கலாம், அறிக்கையின் அடியில் இருப்பது உங்கள் மகளின் கையெழுத்து.

இனி இங்கிலாந்து. உங்கள் அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சொல்லும் படிப்பு அவர் நினைக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாது. பிரிட்டனில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ளது. மூன்று வருட முனைவர் பயிற்சி முடித்து அங்குள்ள தொழில் கவுன்சிலில் பதிந்தவர்தான் அதைப் பயன்படுத்தலாம். ஒரு வருட எம்.எஸ்ஸி. அந்தப் பதிவைத் தராது. அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே திரும்பினாலும் மறுவாழ்வு கவுன்சிலின் கதவு திறக்காது. அப்படியானால் 25 லட்சம் எதற்கு?

கணக்கையும் போட்டுவிடுவோம். 25 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 34,400 ரூபாய். மொத்தம் 41 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. இந்தத் துறையில் புதிதாக வருகிற ஒரு பெண்ணின் சம்பளத்தில் இந்தத் தவணை கட்ட முடியாது. பிறகு என்ன ஆகும்? தவணைக்காக, எவ்வளவு மோசமான இடமானாலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அவளைக் கட்டிப்போட்டிருப்பது இரண்டு வருட பாண்ட். நீங்கள் பத்து வருட பாண்டை வீட்டுப் பத்திரத்தின் மேல் எழுதித் தரப் பார்க்கிறீர்கள். இதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எம்.எஸ்ஸி. கவுன்சலிங், எம்.பி.ஏ., பி.எட்., போட்டித் தேர்வு இவற்றைப் பற்றியெல்லாம் உங்களுக்கு ஆள் ஆளுக்குச் சொல்லியிருப்பார்கள், நான் தொடப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் வேறொரு வரி என் கண்ணில் பட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் காத்திருப்பு அறையில் அம்மாக்களோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு குடும்பத்துக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித் தர லீவு போட்டுக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குக் கூடவே போயிருக்கிறாள், அதற்காக சென்டரில் திட்டும் வாங்கியிருக்கிறாள். இதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவளுடைய நாட்டம் இங்கேதான் தெரிகிறது. அவளுக்குக் குழந்தையோடு சேர்த்து அந்தக் குடும்பத்தையும் பார்க்கத் தெரிகிறது. அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மனநல சமூகப் பணியாளர் என்று பெயர்.

வழி எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை. இரண்டு வருடம். எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம், சைக்காலஜி முடித்தவருக்குப் பாதிப் பாடம் முன்பே பழக்கம். சேருகிறவர்களில் நிறையப் பேர் ஹெச்.ஆர். பிரிவை எடுத்துக்கொண்டு கம்பெனிப் பக்கம் போய்விடுவார்கள். உங்கள் மகள் எடுக்க வேண்டியது 'மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரி' பிரிவு. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952-லிருந்து நடக்கிறது. திருச்சி பிஷப் ஹீபரிலும், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் எம்.எஸ்.டபிள்யூ. உண்டு. எந்தக் கல்லூரியானாலும் இந்தப் பிரிவு அந்த ஆண்டு நடக்கிறதா என்று கேட்டுவிட்டே விண்ணப்பம் போடுங்கள்.

இந்தப் படிப்பின் உயிர் ஃபீல்டு ஒர்க், அதாவது களப் பயிற்சி. பல கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ இருக்க வேண்டும். எழுதிய ஒவ்வொரு கேஸையும் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து படித்து, "இந்த இடத்தில் ஏன் அந்த அப்பாவிடம் பேசவில்லை?" என்று கேட்பார். உங்கள் மகளுக்கு இந்த 14 மாதத்தில் ஒருமுறைகூடக் கிடைக்காத மேற்பார்வை இதுதான். சென்னையில் இருந்தால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், மனச்சிதைவு நோயாளிகளுக்காக மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் தொடங்கிய பேன்யன் போன்ற இடங்கள் இருக்கின்றன. எங்கெங்கே அனுப்புகிறார்கள் என்று கல்லூரியிடம் பட்டியலே கேளுங்கள். நல்ல ஃபீல்டு ஒர்க் இல்லாத எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்வதற்குச் சேராமலே இருக்கலாம்.

வேலை எப்படி இருக்கும்? ஒரு இளைஞன் மனச்சிதைவு நோயோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறான் என்று வையுங்கள். மருந்து எழுதுவது டாக்டர். அவன் எப்போது படிப்பை நிறுத்தினான், வீட்டில் யார் அவனோடு பேசுகிறார்கள், மந்திரிக்க எவ்வளவு செலவழித்தார்கள், மருந்தை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதையெல்லாம் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டு எழுதுவது சமூகப் பணியாளர். அவன் டிஸ்சார்ஜ் ஆகும்போது வீடு அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயாரா என்று நேரில் போய்ப் பார்ப்பதும் அவர்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று, அதற்குச் சான்றிதழ் வாங்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு என்பதும் தெரியாது. பெற்றோர் காலத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலர் யார் என்ற கேள்வி வரும்போது கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் நிற்கின்றன. உங்கள் மகள் திட்டு வாங்கிக்கொண்டு செய்த வேலை, இங்கே அவளுடைய பதவிக் கடமை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநல சமூகப் பணியாளரைத் தனியாக வரையறுத்து, மனநலத் தொழில்முறையாளர்களில் ஒருவராக வைத்திருக்கிறது. அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, மேற்பார்வைப் பயிற்சியோடு இரண்டு வருட எம்.ஃபில். படித்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) நிறுத்திவிட்டது. மனநல சமூகப் பணி எம்.ஃபில்.லுக்கும் கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில்.லுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள். ஆகவே அவள் எம்.எஸ்.டபிள்யூ. முடிக்கும் வருடம் அந்த இடத்தில் என்ன படிப்பு இருக்கிறது என்று பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்து முடிவெடுங்கள். இன்னொன்று: தபால் வழியிலோ ஆன்லைனிலோ முடிக்கலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஃபீல்டு ஒர்க் இல்லாமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது.

எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் இருந்தாலே மருத்துவமனைகள், மறுவாழ்வு இல்லங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர் போன்ற இடங்களில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவிலும் சமூகப் பணியாளருக்கு இடம் உண்டு. ஆனால் அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்த நியமனம்தான். ஆரம்பச் சம்பளம் உங்கள் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்கிற அளவுக்கு இருக்காது. இதை மறைத்து உங்களை ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் கடனில்லாமல் படிக்கச் சொல்கிறேன். அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், சுயநிதிப் பிரிவானாலும் கட்டணம் 25 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

வரன் விஷயம் பேசும் அத்தைக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவள் கல்யாணத்தைப் பற்றி அவள் கேட்டால் பேசலாம்.

அடுத்த வேலைக்கு எங்கே போனாலும் சில விஷயங்களை அவள் சேரும் முன்பே கேட்க வேண்டும். நாளுக்கு எத்தனை பேர், குறிப்பெழுதும் நேரம் வேலை நேரத்துக்குள் வருமா, வாரம் ஒருமுறையாவது மேற்பார்வை உண்டா, அதைத் தருபவர் யார், அவருடைய பதிவு எண் என்ன, காயம் பட்டால் யார் செலவு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம், சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டா என்றும் கேட்கட்டும். மனநல இல்லமோ போதை மறுவாழ்வு மையமோ என்றால் பதிவுச் சான்றைப் பார்க்காமல் சேரக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநல இல்லம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோன மாநிலம் இது. ஆளைக் கட்டிவைக்கும் இடத்தில் சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் உங்கள் மகள் நிற்க வேண்டாம்.

இப்போதைய வேலையை அவள் விடட்டும். இரண்டு மாதம் வீட்டில் தூங்கட்டும், அப்புறம் கல்லூரி பார்க்கலாம். அசல் சான்றிதழை வைத்துக்கொண்டு மிரட்டுவதற்கு எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. ராஜினாமாக் கடிதத்திலேயே சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி தேதி குறிப்பிட்டுக் கேட்டு எழுதி, மெயிலிலும் அனுப்பச் சொல்லுங்கள். அனுபவச் சான்றிதழில் 'தெரபிஸ்ட்' என்ற உண்மையான பதவி இருக்க வேண்டும், பலகையில் இருக்கும் பெயர் அதில் வரக் கூடாது. தர மறுத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. பாண்ட் நகல், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இரவில் வந்த வாட்ஸ்அப் செய்திகளின் படம் எல்லாவற்றையும் கையில் கொண்டுபோங்கள். இந்த முறை அவளோடு உங்கள் வீட்டுக்காரரும் போகட்டும்.