வெள்ளிக்கிழமை தெரிந்தது, திங்கட்கிழமை தெரியவில்லை

வணக்கம் டீச்சர்,

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வேலை. என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். கெட்டிக்காரன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் பள்ளி மதிப்பீட்டில் கணிதத்திலும் அறிவியலிலும் ஆறில் அடைவுநிலை 3-ஐத் தாண்டவே இல்லை. வாரத்தில் மூன்று நாள் டியூஷன். பகல் ஷிப்டாக இருந்தால் நான் வீட்டுக்கு வந்து எட்டரை மணிக்கு மேல் அவனோடு உட்காருவேன். பாடத்தை இரண்டு மூன்று தடவை வாசிக்கச் சொல்வேன், முக்கியமான வரிகளுக்குக் கலர் பேனாவால் கோடு போடச் சொல்வேன். வெள்ளிக்கிழமை இரவு எல்லாம் சரியாகச் சொல்கிறான். திங்கட்கிழமை கேட்டால் முழிக்கிறான். கோபத்தில் ரோத்தானை (பிரம்பை) எடுத்துவிடுகிறேன், அப்புறம் நானே அழுகிறேன்.

இப்போது வரும் கணக்கு முறை எனக்கே புரியவில்லை. நான் எஸ்பிஎம்மோடு (ஐந்தாம் படிவத் தேர்வோடு) நிறுத்தியவள். நைட் ஷிப்ட் வந்தால் என் அம்மாதான் அவனைப் பார்த்துக்கொள்வார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆசிரியர் சொல்லித்தருவது சரியில்லையா, டியூஷனை மாற்றவா, மலாய்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. அவனுடைய கணக்குப் பயிற்சித்தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். பயிற்சித்தாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் பாதியில் வெறும் கூட்டல், கழித்தல். ஒன்றுகூடத் தப்பில்லை. கடன் வாங்கிக் கழிப்பதெல்லாம் சுத்தமாகச் செய்திருக்கிறான். கீழே வாக்கியக் கணக்கு வந்ததும் சிவப்பு மை கொட்டிக் கிடக்கிறது. ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடையில் 2,450 ஆரஞ்சுப் பழங்கள் உள்ளன, அது மாம்பழங்களைவிட 380 அதிகம், அப்படியானால் மாம்பழங்கள் எத்தனை? உங்கள் மகன் 2,450-ஐயும் 380-ஐயும் கூட்டி 2,830 என்று எழுதியிருக்கிறான். கூட்டியது சரி. ஆனால் அங்கே கழிக்க வேண்டும், விடை 2,070.

ஏன் கூட்டினான்? 'அதிகம்' என்ற சொல்லுக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறான், பார்த்தீர்களா? 'மொத்தம், அதிகம் வந்தால் கூட்டு. மீதி, குறைவு வந்தால் கழி' என்று யாரோ குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சுலபமான கணக்குகளில் அது பலிக்கும், அதனால்தான் பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள். இந்த மாதிரிக் கணக்கு வந்தால் கவிழ்த்துவிடும். அவன் கணக்கில் வீக் இல்லை, கதையைப் படிக்காமல் எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறான்.

இதைச் சரிசெய்யப் புதிய கணக்கு முறை எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணக்கில் இருக்கும் எண்களை விரலால் மறைத்துவிட்டு, 'எது நிறைய இருக்கிறது, ஆரஞ்சா மாம்பழமா?' என்று மட்டும் கேளுங்கள். ஆரஞ்சு என்று அவனாகவே சொன்ன பிறகு இரண்டு கோடு வரையச் சொல்லுங்கள், ஆரஞ்சுக்கு நீளமானது, மாம்பழத்துக்குக் குட்டையானது. அப்புறம் விரலை எடுங்கள். குட்டைக் கோட்டுக்கு 2,830 எப்படி வந்தது என்று அவனே தலையைச் சொறிவான்.

கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீளமாயின, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் மூன்று நொடி நெடுநேரமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, மறதிக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை இரவு அவன் சொன்னதை நீங்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை, அவனும் நம்பியிருப்பான். ஃபேக்டரி பஸ்ஸில் தினமும் ஓடும் பாட்டை நமக்கு முழுசாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ரேடியோவை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னால் இரண்டாம் வரியிலேயே நின்றுபோகும். திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளைக்கு நடப்பது இதுதான். பக்கம் பழகிவிடுகிறது, பாடம் ஏறுவதில்லை.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பத்தியை நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரே முறை வாசித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தினார்கள், 83க்கு 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து வேறு மாணவர்களிடம் இதையே செய்து பார்த்தால் தலைகீழ். நான்கு முறை வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அவர்கள் கல்லூரி மாணவர்கள், உங்கள் பையன் நான்காம் ஆண்டு, வித்தியாசம் உண்டு. ஆனாலும் உங்கள் வெள்ளியும் திங்களும் இந்தக் கணக்கில் அப்படியே வந்து உட்காருகின்றன.

அதனால் கலர் பேனாவைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். (கோடு போடுவது பார்க்க அழகாக இருக்கும். ஒரு புத்தகம் முழுக்க மஞ்சளாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் எது முக்கியம் என்று கேட்டால் எல்லாம்தான்.) ஒரு முறை வாசிக்கட்டும், புத்தகத்தை மூடட்டும், நினைவில் இருப்பதைச் சொல்லட்டும். விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்க்கட்டும்.

நாள் இடைவெளிக்கு ஒரு வழி இருக்கிறது, ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு ரொம்பவே தோதானது. ஜெர்மன் அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பியது. மூன்று காலி மைலோ டின் எடுங்கள். பழைய காலண்டர் அட்டையைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். 7 × 8 ஒரு சீட்டு, ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன தேவை என்பது ஒரு சீட்டு, வராத மலாய்ச் சொல் ஒரு சீட்டு. எல்லாச் சீட்டும் முதலில் முதல் டின்னில். அதைத் தினமும் எடுத்துக் கேட்க வேண்டும். சரியாகச் சொன்ன சீட்டு இரண்டாம் டின்னுக்குப் போகும், அதை மூன்று நாளைக்கு ஒரு தடவை கேட்டால் போதும். அங்கேயும் சரியாகச் சொன்னால் மூன்றாம் டின், வாரம் ஒரு தடவை. எங்கே தப்பினாலும் சீட்டு முதல் டின்னுக்கே திரும்பிவிடும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். எட்டரைக்கு மேல் நீங்கள் செய்யும் நீண்ட உட்காரலை இதற்காக விட்டுவிடலாம். ஒன்பதரை மணிக்குப் பையன் தூங்கட்டும், அதுவும் படிப்புக்குத்தான்.

நைட் ஷிப்டில் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருக்கிறாரே, இதற்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. 'செடி எப்படிச் சாப்பிடுகிறது என்று பாட்டிக்குச் சொல்லு' என்று விடுங்கள். புத்தக வார்த்தையை ஒப்பித்தால் பாட்டிக்குப் புரியாது, அவன் தன் சொல்லில் சொல்லியாக வேண்டும். பாட்டி பால் மரத்தோடு வாழ்ந்தவர். வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று அவன் சொல்லும்போது 'அப்ப ராத்திரியில மரம் என்னடா பண்ணும்?' என்று அவர் கேட்டாலும் கேட்பார். அவனுக்குப் பதில் தெரியாவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் போய்க் கேட்கட்டும். அப்படி ஒரு கேள்வியோடு வரும் பையனை எந்த ஆசிரியருக்கும் பிடிக்கும்.

ஆசிரியர் சரியில்லையா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பயிற்சித்தாளை வைத்து அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். பொதுவாக ஒன்று சொல்லலாம். 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்று குழு நடவடிக்கை வந்ததிலிருந்து வகுப்புகள் கலகலப்பாகிவிட்டன, நல்லதுதான். ஆனால் நான் போய்ப் பார்த்த சில வகுப்புகளில் பெரிய தாளைச் சுற்றி நான்கு பேர், மூன்று பேர் கலர் அடிக்கிறார்கள், ஒருத்தி யோசிக்கிறாள். சுவரில் ஒட்டும்போது நான்கு பேருக்கும் கைதட்டு. அதைவிட, ஆளுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகை கொடுத்து, எல்லாரும் விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளைகள் ஒளிய முடியாது. யாருக்கு எங்கே இடிக்கிறது என்று அவருக்கும் அப்போதே தெரிந்துவிடும்.

பள்ளிக்குப் போகும்போது 'பையன் எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்காதீர்கள். 'பரவாயில்லை, கொஞ்சம் கவனம் வேண்டும்' என்றுதான் பதில் வரும். இந்தத் தாளைக் கையில் கொண்டு போங்கள். 'வாக்கியக் கணக்கில் சொல்லைப் பார்த்துக் கூட்டிவிடுகிறான், வீட்டில் கோடு வரைந்து பழக்குகிறேன், வகுப்பிலும் இப்படித்தான் செய்கிறானா?' என்று கேளுங்கள். டியூஷன் மாஸ்டரிடமும் இதையே கேட்கலாம். போட்டோஸ்டாட் தாளைக் கொடுத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் விடையை வெண்பலகையில் எழுதிப்போடும் டியூஷன் என்றால் மூன்று நாளை ஒரு நாளாக்குங்கள், காசும் மிச்சம்.

அடைவுநிலை 3 பற்றி ரொம்பக் கலங்க வேண்டாம். ஆறாம் ஆண்டு முடிவில் இருந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் போய்விட்டது, ஆனாலும் நாம் அந்தக் கண்ணாலேயே பார்க்கிறோம். 1 முதல் 6 வரையுள்ள வகுப்புசார் மதிப்பீட்டில் 3 என்றால் பையனுக்குத் தெரிகிறது, புரிகிறது, செய்யவும் முடிகிறது என்று அர்த்தம். நூற்றுக்கு ஐம்பது என்று அர்த்தமில்லை. பெற்றோர் வாட்ஸப் குழுவில் யார் பிள்ளைக்கு 5, யார் பிள்ளைக்கு 6 என்று ஓடும் பேச்சை ஒரு மாதம் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள்.

பள்ளி மாற்றும் விஷயத்தில் என் கருத்து, வேண்டாம். தமிழில் எழுதிய கணக்கையே அவசரத்தில் படிக்காமல் தாண்டும் பையன், அதையே மலாயில் கொடுத்தால் இன்னும் வேகமாகத் தாண்டுவான். இப்போது ஒரு சுமை, அப்போது இரண்டு. மலாய் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. இடைநிலைப் பள்ளியில் படிவம் 1-இல் பாடங்கள் பெரும்பாலும் மலாயில்தான், மலாய் போதாத பிள்ளைகளுக்கு அதற்கு முன் ரிமூவ் என்ற புகுமுக வகுப்பில் ஒரு வருடம் போய்விடுகிறது. படிவம் 1-க்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் செபராங் ஜெயா பொது நூலகத்துக்குக் கூட்டிப்போய், அவனுக்குப் பிடித்த மலாய்க் கதைப் புத்தகத்தை அவனே எடுக்கட்டும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை. சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் சமைத்துக்கொண்டே கேளுங்கள்.

ரோத்தானைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடி விழும் என்று காத்திருக்கும் பிள்ளை கேள்வியைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். எந்தப் பதில் சொன்னால் தப்பிக்கலாம் என்று ஊகிப்பான். அந்த 2,830 அப்படி வந்ததாகக்கூட இருக்கலாம். ரோத்தானை வீட்டை விட்டே வெளியே போட்டுவிடுங்கள்.

சீட்டுகளை மட்டும் நீங்கள் எழுதித் தராதீர்கள், உங்கள் கையெழுத்து அழகாக இருந்தாலும். அவனே எழுதட்டும், ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் போகட்டும். ஆனால் பின்பக்கப் பதிலை மட்டும் பாடப் புத்தகத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். தப்பான பதில் மூன்றாம் டின் வரைக்கும் போய்விட்டால் அப்புறம் அதைப் பிடுங்குவது கஷ்டம்.

அன்புடன்,
டீச்சர்