மருத்துவர் பதில்: மூச்சுமுட்டல் இருக்கட்டும், அந்தக் கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. கெடா, சிந்தோக்கில் உள்ள யூ.யூ.எம்.மில் (உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம்) இரண்டாம் ஆண்டு. போன வருடம் எம்.சி.ஓ. (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டபோது வீட்டுக்கு வந்தவள், இன்றுவரை அறைக்குள்ளேயே ஆன்லைன் வகுப்பு. படபடப்பு, மூச்சுமுட்டல், தலைவலி, முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இரவில் தூக்கமில்லை, பகலில் எழுவதில்லை. ஆக்சிமீட்டரில் 97, 98 காட்டுகிறது. முகக்கவசத்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டதா? தெரியாமல் கோவிட் வந்து போயிருக்குமா? தூங்குவதற்குப் பிரிட்டன் (Piriton) சளி மாத்திரை கொடுக்கிறேன், காலையில் கபசுரக் குடிநீர். வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வா என்றால், "யூனியில நடந்தா அது வேறம்மா" என்கிறாள். போன வாரம் தன் கைக்கடிகாரத்தையும் படம் வரையும் பென்சில்களையும் தங்கையிடம் கொடுத்து, "இனி எனக்கு எதுக்கு" என்றாள். இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா?
ஒரு தாய், தோட்டக் குடியிருப்பு, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா (ஜூலை 2021)

பதில்: பெரிதுபடுத்துங்கள் அம்மா. கடிதத்தில் உள்ள மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும். கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அது நாளைவரைகூடக் காத்திருக்கக் கூடாது. ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பதும், "இனி எனக்கு எதுக்கு" என்பதும், பல மாதமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கும் பிள்ளையிடம் சேர்ந்து வந்தால், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். கடிகாரம் அலுத்துப்போய்க்கூடக் கொடுத்திருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் அதை அவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களாக ஊகித்து ஆறுதல் அடையாதீர்கள்.

இன்று இரவே கேளுங்கள். தங்கை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாம்மா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதற்குப் பிறகு பாரம் இறங்கி அழுதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவள் என்ன சொன்னாலும், "உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் படிக்க வைத்த கதை அவளுக்கு மனப்பாடம். இப்போது அவளை அழுத்துவதில் அந்தக் கதைக்கும் பங்கு இருக்கலாம். "அப்படியெல்லாம் பேசாதே, பாவம்" என்று வாயை அடைப்பதும் வேண்டாம். பேச விடுங்கள்.

"ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவளைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மருத்துவத்துக்காகப் போவதை 2021-இன் முழு அடைப்பும் தடுக்கவில்லை. வண்டி இல்லையென்றால் ஆம்புலன்சுக்கு 999. அவள் உங்களிடம் பேச மறுத்தால் மனம் நொந்தவர்கள் பேசுவதற்கான உதவி அமைப்பான பிஃப்ரெண்டர்ஸின் 03-76272929 எண்ணை அவள் கையில் கொடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் "இல்லை" என்று சொன்னாலும் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். தோட்டத்து வீடுகளில் கொட்டகையின் மூலையில் புல்லுக்கு அடிக்கும் மருந்து கிடக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய போத்தலை எத்தனை வீட்டில் கொட்டினார்கள்? அதையும், வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் மாத்திரைகளையும் இன்றே பூட்டுங்கள், அல்லது வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். அந்த எண்ணம் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு இலங்கையில் தற்கொலை வெகுவாகக் குறைந்தது.

நீங்கள் எழுதாமல் விட்ட பயம் ஒன்றும் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு அது என்னவென்று எனக்குத் தெரியாமல் போகுமா? "மனசு டாக்டர்கிட்ட போனா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவாங்க, அப்புறம் பிள்ளைக்குக் கல்யாணம் காட்சி உண்டா?" அங்கே 1911 முதல் இருக்கும் மனநல மருத்துவமனையின் பேரைச் சொல்லியே நம் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்து பழகிவிட்டார்கள். மனச்சோர்வு என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநோயாளியாக வந்து, பேசி, தேவைப்பட்டால் மருந்து வாங்கிக்கொண்டு, அன்று மாலையே வீட்டில் இருப்பவர்கள். முதலில் போக வேண்டியதும் உங்கள் பக்கத்து அரசு கிளினிக்தான். கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்குள்ள டாக்டர் சில கேள்விகள் கேட்பார்: எதிலும் ஆர்வமில்லாமலோ மனம் இடிந்தோ இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறாளா, சாப்பாடு எப்படி, கவனம் நிற்கிறதா, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாளா. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

இனி மற்றவை. ஆக்சிமீட்டரில் 97, 98 நல்ல அளவு. அந்தக் கருவியை மேசை இழுப்பறைக்குள் வையுங்கள், மணிக்கொரு தடவை விரலில் மாட்டினால் படபடப்புதான் கூடும். முகக்கவசம் ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. அதுவும் அறையை விட்டே வராத பெண் அதை எப்போது போட்டாள் என்று எனக்குப் புரியவில்லை. பெரிய மன அழுத்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பிறகு வளரும். படுக்கையில் கிடக்கும்போது வந்து, எழுந்து வேலை பார்த்தால் மறைந்துவிடும் படபடப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். மயங்கி விழுந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோதான் வேறு கதை. ஆனால் இந்த வயதுப் பெண்ணுக்கு முடி கொட்டி, மூச்சு வாங்கி, சோர்வும் இருந்தால் இரத்தச் சோகையும் தைராய்டும் பார்த்துவிடுவது என் வழக்கம். கிளினிக்குக்குப் போகிற அன்றே இரத்தம் எடுத்துவிடலாம்.

பிரிட்டனை நிறுத்துங்கள். அது சளிக்கும் அரிப்புக்குமான மாத்திரை. தூக்கம் வருவது அதன் பக்கவிளைவு, அந்த விளைவும் சில நாளில் மரத்துப்போகும். மிஞ்சுவது மறுநாள் பகல் பதினோரு மணிவரை நீளும் மந்தம். பகலில் எழுவதில்லை என்று நீங்கள் வருத்தப்படுவதற்கு நீங்கள் இரவில் கொடுக்கும் மாத்திரையும் ஒரு காரணம். கபசுரக் குடிநீர் இந்தப் பிள்ளையின் எந்தத் தொல்லைக்கும் மருந்தல்ல. வாட்சாப்பைப் பார்த்துவிட்டு, கோவிட்டுக்கு என்று மாட்டுக்குக் கொடுக்கும் புழு மருந்தையே வாங்கிக் குடிக்கக் கிளம்பியிருக்கிறார்கள், அதோடு பார்த்தால் நீங்கள் பரவாயில்லை.

நடையைப் பற்றி அவள் சொன்னது சாக்குப்போக்கு என்று எழுதியிருந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "யூனியில நடந்தா அது வேற" என்பது சரியான பேச்சு. சிந்தோக் வளாகம் காட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஆற்றோரம் கட்டிய இடம். அங்கே உடம்புக்கு நல்லது என்று யாரும் அவளை நடக்கச் சொல்லவில்லை. விடுதியிலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு, அங்கிருந்து நூலகத்துக்கு என்று நாளெல்லாம் நடந்திருப்பாள். வழியில் நாலு பேர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், இரண்டு பேர் அசைன்மென்ட் பற்றிப் புலம்பியிருப்பார்கள். காலை வெயில் தானாக முகத்தில் பட்டிருக்கும். ஒரு வகுப்பு முடிந்து இன்னொன்று தொடங்குமுன் நடக்கிற பத்து நிமிடத்தில் மனம் முந்தியதை இறக்கி வைத்துவிடும். இன்றைக்கு வகுப்பு, தேர்வு, சாப்பாடு, தூக்கம், தோழிகள் எல்லாம் ஒரே மெத்தையில். அசைன்மென்டுக்குக் கெடு இரவு 11.59. தோட்டத்தில் இணைய லைன் ஓரளவு கிடைப்பதும் ஊர் அடங்கிய பிறகுதான். தூக்கம் தலைகீழானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பசுமைக்கு நடுவே நடப்பதில் உண்மையாகவே பலன் உண்டு. 2015-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சிலரை 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். ஒரு பிரிவினர் மரமும் புல்லும் உள்ள வழியில், மற்றவர்கள் வாகனம் இரையும் சாலையோரத்தில். ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது மரவழியில் போனவர்களிடம்தான் குறைந்தது. ஆனால் அவர்கள் மனநோய் இல்லாதவர்கள், அதுவும் ஒரே ஒரு நடை. இதை வைத்துக்கொண்டு "நடந்தா எல்லாம் சரியாயிடும்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. படுக்கையை விட்டு எழவே முடியாத மனச்சோர்வில் இருப்பவளிடம் நடையைச் சொல்வது, அவள் தோற்பதற்கு இன்னொரு பாடத்தைக் கொடுப்பதுதான். முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். மருந்து தேவைப்பட்டால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நடை அதோடு சேர்ந்து வரட்டும், அதற்குப் பதிலாக அல்ல.

"தோட்டம் முழுக்கச் செம்பனை, இதைவிடப் பசுமை எங்கே இருக்கு" என்று நீங்கள் கேட்கலாம். பசுமை இருக்கிறது. ஆனால் லயத்து வரிசையில் வயதுக்கு வந்த ஒரு பெண் தனியாக நடந்தால் அவளுக்கு முன்னால் பேச்சு நடக்கும்: "யூனி படிக்கிற பொண்ணு, வேலைவெட்டி இல்லாம ரோட்ல சுத்துது." மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவை சுற்றி வருகிறவர்கள் உண்டு, நாய்கள் உண்டு. அதனால் "போய் நட" என்று அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். நீங்கள் விடிகாலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடம்) கிளம்புகிறவர் என்றால் தங்கையை அனுப்புங்கள். அவளுக்கும் ஆன்லைன் வகுப்புதானே.

காலை ஏழரை மணிவாக்கில் இருபது நிமிடம் போதும். மேகமூட்டமான காலையிலும், விளக்குப் போட்ட அறையைவிட வெளியே பல மடங்கு வெளிச்சம் இருக்கும். கண்ணில் படும் அந்தக் காலை வெளிச்சம்தான் இரவுத் தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது. அதைப் பிரிட்டனால் செய்ய முடியாது. நடைக்கு ஒரு வேலையும் வையுங்கள்: கடையில் ரொட்டி வாங்கி வருவது, கோயில்வரை போய்த் திரும்புவது. வகுப்புத் தோழி ஒருத்தியை அதே நேரத்தில் அவள் ஊரில் நடக்கச் சொல்லி, இருவரும் போனில் பேசிக்கொண்டே போகட்டும். சிந்தோக்கில் அவளுக்குக் கிடைத்ததில் பாதி அந்தப் பேச்சு. ஜூலை 2021-இன் முழு அடைப்பு விதியும் வீட்டு வட்டாரத்துக்குள் இடைவெளி விட்டு நடக்க, ஓட விட்டது. புல் மருந்து அடித்த மர வரிசைக்குள் மட்டும் போக வேண்டாம், எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டால் சொல்வார்.

மேசையைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னலில் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிட மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று 1984-இலேயே ராஜர் உல்ரிச் என்பவர் எழுதினார். செலவில்லாத வைத்தியம். மெத்தையில் வகுப்பு வேண்டாம்.

படிப்பை நிறுத்திவிடுவாளோ என்ற கவலைக்கு: அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவு உண்டு. முடியவே இல்லையென்றால் மருத்துவச் சான்றோடு ஒரு பருவத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். பி.டி.பி.டி.என். (அரசு உயர்கல்வி) கடன் என்னாகும் என்பதைப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள், பக்கத்து வீட்டு அண்ணனிடம் வேண்டாம். இந்தப் பேச்சை அவளிடம் முதல் நாளே எடுக்க வேண்டியதில்லை, டாக்டரைப் பார்த்த பிறகு போதும்.

கிளினிக்குக்குப் போகும்போது பிரிட்டன் அட்டையையும் எடுத்துப் போங்கள். எத்தனை மாதமாக, ஓர் இரவுக்கு எத்தனை என்று டாக்டர் கேட்பார். குறைத்துச் சொல்லாதீர்கள்.