சோறு வடித்தபின் அடுப்பு மூட்டுவானேன்?

கேள்வி: சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது, ஏப்பம் நிற்பதில்லை. மூன்று மாதமாக அஷ்ட சூரணத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறேன். உப்புசம் போகவில்லை, நெஞ்செரிச்சல் சேர்ந்ததுதான் மிச்சம். ஆயுர்வேதமே ஏமாற்றா?
- வாசகர், திருச்சி

பதில்: மூன்று மாதம் சாப்பிட்டீர்கள், சரி. சொன்னபடி ஒரு வேளையாவது சாப்பிட்டீர்களா?

பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் இந்தச் சூரணத்தைச் சொல்லும் சுலோகத்திலேயே சாப்பிடும் முறையும் இருக்கிறது: நெய்யோடு, முதல் கவளத்தில். அரை டீஸ்பூன் சூரணம், ஒரு டீஸ்பூன் உருக்கிய நெய், ஒரு பிடி சூடான சோறு. பிசைந்து அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் குழம்புக்குக் கை போக வேண்டும். பசித்தீயைக் கிளப்பும் மருந்து இது. சோறு வடித்தபின் அடுப்பு மூட்டுவானேன்? நெய்யை விட்டால் சுக்கும் மிளகும் திப்பிலியும் காந்தும். போதாததற்கு ஒரு டம்ளர் நீர் வேறு! சாப்பாட்டு முடிவில் நீர் குடிப்பவர் உடல் பருப்பார் என்பதும் அதே நூலில் உண்டு.

வீட்டில் இடித்த சூரணமென்றால் அதன் எட்டுச் சரக்கில் பெருங்காயத்தைச் சந்தேகப்படுங்கள். சமையலுக்கு வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும்தான் அதிகம். நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் வாங்கி, நெய்யில் உப்பி மொறுமொறுப்பாகும்வரை பொரித்துப் பொடியுங்கள். பச்சையாக இடித்தால் உலக்கையில் ஒட்டும், குமட்டும். மற்ற ஏழும் அதே எடை: சுக்கு, மிளகு, திப்பிலி, அசமதா ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு. ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்துப்பும் உப்புதான்.

இதெல்லாம் ஒரு நாள் பசித்து, மறுநாள் மந்தித்து, வாயுவால் உப்பும் வயிற்றுக்கு. புளித்த ஏப்பமும் மார்பு எரிச்சலும் வந்தால் அது அம்லபித்தம், அதாவது வயிற்றில் புளிப்பு மிகும் கோளாறு; அங்கே நெய்யோடு கொடுத்தாலும் இந்தச் சூரணம் எரிகிற வீட்டில் எண்ணெய்தான். உங்களுக்கு எரிச்சல் வந்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். இன்றாவது நிறுத்திவிட்டு, வைத்தியரிடம் உப்புசத்தோடு எரிச்சலையும் மறைக்காமல் சொல்லுங்கள். எடை குறைகிறது, மலம் கறுத்துப் போகிறது, விழுங்கும்போது சோறு நிற்கிறது என்றால் சூரணப் பேச்சே வேண்டாம், முதலில் எண்டோஸ்கோபி.