பாத்திரம் கேட்டால் மாத்திரை வருகிறதே, ஏன்?

(பினாங்கில் 28 ஆண்டுகள் செவித்திறன் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்கு 68 வயது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, "பாத்திரம் எங்கேம்மா?" என்று கேட்டேன். "மாத்திரை பையில் இருக்கிறது, அப்புறம் போட்டுக்கொள்கிறேன்" என்றார். செவிப் பரிசோதனையில் வயதுக்கேற்ற அளவில் கேட்கிறது என்றுதான் சொன்னார்கள். வீட்டில் மெல்லப் பேசினாலும் புரிந்துகொள்கிறார். கூட்டத்தில் மட்டும் ஏன் இப்படி? கவனக்குறைவா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கவனக்குறைவு இல்லை, தம்பி. அந்தச் சொல்லை அம்மாவிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கடிந்துகொள்கிறார்கள் என்று என் பரிசோதனை அறையில் கண்கலங்கிய தாய்மார்கள் பலர்.

அந்த அறை நிசப்தமானது. 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாகத் தனித்தனியே கொடுப்போம். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மூன்று பந்தல்களின் ஒலிபெருக்கிகளுக்கும் உறுமி மேளத்துக்கும் நடுவே மகன் குரலைப் பிரித்தெடுப்பது வேறு வேலை. அது பெரும்பாலும் மூளையில் நடக்கிறது.

காதுக்குமேல், மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது, ஒலியை அறியும் பகுதியான செவிப்புறணி. அங்கே சத்தம் என்று எதுவும் போவதில்லை. மின் துடிப்புகள்தான் போகின்றன. சத்தம் கூடினாலும் ஒரு நரம்பணுவின் துடிப்பு பெரிதாகாது, எண்ணிக்கைதான் கூடும். இதைக் கண்டறிந்த எட்கர் ஏட்ரியன் 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்படியானால் ஒரே மாதிரித் துடிப்புகளிலிருந்து உங்கள் குரலை மூளை எப்படி அறிகிறது? எந்த நரம்பணு துடிக்கிறது, எப்போது துடிக்கிறது, எத்தனை முறை துடிக்கிறது என்பதிலிருந்துதான்.

ஆர்மோனியக் கட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சுருதிக்கு ஓர் ஓரம், உயர்ந்த சுருதிக்கு மறு ஓரம் என்று உள்காதில் இருக்கும் அதே வரிசை செவிப்புறணியிலும் இருக்கிறது. நேரத்தைக் குறிப்பது வேறு விதம். தவில் அடி விழுந்த கணத்தில் பல நரம்பணுக்கள் ஒருசேரத் துடித்து உடனே அடங்கிவிடும். நாதஸ்வரம் நீட்டிப் பிடிக்கும் சுரத்துக்கு, அந்தச் சுரத்தையே விரும்பும் சில மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். நான் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் இதை எண்ணி நெகிழ்ந்து போவேன்.

இப்போது பாத்திரத்துக்கு வருவோம். 'பா'வில் இருக்கும் 'ஆ' வலுவான ஒலி; இரைச்சலைத் தாண்டிவிடும். 'ப', 'ம' இரண்டுக்குமே உதடு மூடித் திறக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது. அந்தச் சிறு இடைவெளியில் உறுமி அதிர்ந்தால் போதும். 'ஆ'வும் 'த்தி'யும் வந்து சேர்ந்தன. விடுபட்டதை அம்மாவின் மூளை, தினமும் புழங்கும் மாத்திரையைக் கொண்டு நிரப்பிக்கொண்டது. வயதான விலங்குகளின் செவிப்புறணியை ஆராய்ந்தபோது, தேவையற்ற துடிப்புகளை அடக்கும் வேதிப்பொருளான காபா குறைந்திருப்பது தெரிந்தது. அடக்கும் கை தளர்ந்தால் இரைச்சலும் பேச்சும் கலந்துவிடாதா?

இந்த வடிகட்டல் எவ்வளவு கூர்மையாக இருக்க முடியும் என்பதை 2012-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனைகள் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு குரல்களை ஒரே நேரத்தில் கேட்கச் செய்தார்கள். செவிப்புறணியை ஒட்டிய பகுதியில் பதிவான துடிப்புகள், அவர்கள் கவனித்த குரலை மட்டும் தனியாகக் கேட்டது போலவே இருந்தன!

அதனால் இனி அம்மாவின் பின்னால் நின்று கேட்காதீர்கள். முன்னால் போய், "அம்மா" என்று கூப்பிட்டு, அவர் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு பேசுங்கள். ஒலியே இல்லாமல் உதட்டசைவை மட்டும் பார்த்தாலும் செவிப்புறணி இயங்குவதை 1997-இல் மூளை ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவருக்கு ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி இடம் ஒதுக்குங்கள். ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கேட்கும் பரிசோதனை தேவை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் சீனத் தோழிக்கு 'பல்', 'பள்' வேறுபாடு காதில் விழவே இல்லை. காதில் கோளாறா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இல்லை, சகோதரி. ஆறு மாதக் குழந்தைக்கு எந்த மொழியின் ஒலியையும் பெரும்பாலும் பிரித்தறிய முடியும். ஒரு வயதை நெருங்கும்போது தன் வீட்டு மொழிக்கு வேண்டிய வேறுபாடுகளில் மூளை கூர்மை பெறுகிறது, மற்றவை மங்குகின்றன. ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, பொருள் மாறும்படி ஒரே சொல்லை ஏற்றியும் இறக்கியும் சொல்லிக் காட்டுவார். எனக்கு அது பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின. தோழியிடம் நாக்கை மடித்துக் காட்டி, மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள்.