கூலன்ட் குறையுதா? முதல்ல வண்டி ஆறட்டும்

அம்பத்தூர் பக்கம் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். அக்னி நட்சத்திரம் பொறந்தாலே "வண்டி தண்ணி குடிக்குது"ன்னு வர்றவங்க கூட்டம் அதிகமாகும். இந்த தடவை கேட்டவங்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே பதில் சொல்றேன். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க: இன்ஜின் சூட்டை இழுக்கிற திரவமான கூலன்ட் ஓடுறது மூடின பாதையில. அடிக்கடி ஊத்த வேண்டியிருந்தா எங்கேயோ வெளியேறுதுன்னுதான் அர்த்தம்.

வேளச்சேரி: அண்ணே, ரெண்டு வாரத்துல கூலன்ட் டேங்க்ல மேக்ஸிமம் கோட்டிலேருந்து மினிமத்துக்கு இறங்கிடுது. ஆனா கீழே ஒரு சொட்டு கூட இல்ல. எங்கே போகுது?

சின்னக் கசிவு சூடான இன்ஜின் மேலயே பட்டு ஆவியாயிடும் தம்பி, தரைக்கு வராது. ஆனா தடயம் விட்டுட்டுப் போகும். காலையில இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது டார்ச் அடிச்சு ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரத்துல பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ற இடம், வாட்டர் பாடிக்கு (கூலன்ட்டைச் சுத்த விடுற பம்ப்) அடிப்பக்கம் எல்லாம் பாருங்க. பச்சையாவோ ரோஸ் கலர்லயோ உப்புப் பூத்த மாதிரி காய்ஞ்ச கறை இருந்தா அதுதான் இடம். வாட்டர் பாடியில ஒரு குட்டி ஓட்டை இருக்கும். அதுலேருந்து கறை வழிஞ்சிருந்தா உள்ளே சீல் போயாச்சு. ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைக்கக் கூடாது, பம்பையே மாத்தணும். டைமிங் பெல்ட்ல ஓடுற பம்ப்னா பெல்ட்டையும் கையோட மாத்திடுங்க, மறுபடி பிரிக்கிற கூலி மிச்சம்.

அடுத்தது ரேடியேட்டர் இல்லன்னா கூலன்ட் டேங்க் மூடி. பல கார்கள்ல மூடி மேலயே 0.9, 1.1னு போட்டிருக்கும், அது பார் கணக்குல அழுத்தம். வெறும் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். அதையே ஒரு பார் கூடுதல் அழுத்தத்துல வெச்சா கிட்டத்தட்ட 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியில ரப்பர் வாஷர் வெடிச்சிருந்தா அந்த அழுத்தம் நிக்காது, கூலன்ட் கொதிச்சு ஆவியாப் போயிடும். விலை கம்மியான சாமான், அதனாலயே யாரும் சந்தேகப்படறதில்ல. புதுப்பேட்டையிலயோ ஜி.பி. ரோட்டுலயோ வாங்கும்போது பழைய மூடியில இருக்கிற அதே நம்பரைக் கேட்டு வாங்குங்க. கசிவு நின்னாப் போதும்னு பெரிய நம்பர் போட்டா ஹோஸ் பிய்ச்சுக்கும்.

இதுலயும் சிக்கலைன்னா பிரஷர் டெஸ்ட். கைப்பம்பை மூடி இருக்கிற வாயில மாட்டி, மூடியில போட்டிருக்கிற அழுத்தம் வரைக்கும் ஏத்திட்டு ஒரு கால்மணி நேரம் விட்டா முள் இறங்கக் கூடாது.

முகப்பேர்: சார், ஏசி போட்டு நிறுத்தினா காருக்கு அடியில தண்ணி தேங்குது. கூலன்ட்டா?

நிறமில்லாம, தொட்டா பிசுபிசுப்பு இல்லாம இருந்தா அது ஏசி தண்ணி, கவலையே வேண்டாம். கூலன்ட்டுக்கு நிறம் இருக்கும், விரல்ல வழுக்கும், இனிப்பு வாசனை அடிக்கும். நாக்குல வெச்சுப் பார்க்காதீங்க, பெரும்பாலான கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம். தெரு நாய் நக்கினா செத்துடும். சிந்தினதை உடனே கழுவி விடுங்க.

தாம்பரம்: அண்ணே, மெக்கானிக் பார்த்த உடனே ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு சொல்லிட்டார். ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா இருந்துச்சாம். ஹெட்டை இறக்கிடலாமா?

அவசரப்படாதீங்க. ஹெட் கேஸ்கெட்ங்கறது இன்ஜின் பிளாக்குக்கும் அது மேல உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல். மழைக்காலத்துல பக்கத்துக் கடைக்கும் ஸ்கூலுக்குமே ஓடுற வண்டியில, ஈரம் படிஞ்சே மூடிக்கு அடியில வெள்ளை வரும். ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்க. அதுலயும் ஆயில் பால் டீ கலர்ல இருந்தா வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணிக் கொண்டு போங்க. அந்த ஆயில் பேரிங்கைத் தின்னுடும்.

ஸ்டிக் சுத்தமா இருந்தா, ராத்திரி முழுக்க ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க. இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடியே ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, சிலிண்டர் கேஸ் கூலன்ட்டுக்குள்ள வருது. டேங்க்ல விடாம குமிழி வந்தாலும் அதே கதைதான். மார்கழிக் காலையில சைலன்சர்ல வர்ற வெள்ளை ஆவி சாதாரணம். இன்ஜின் சூடானப்புறமும் நிக்காம வந்தாத்தான் யோசிக்கணும். ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டி வரிசையா வெச்சா, தண்ணி போற சிலிண்டரோட பிளக் மட்டும் கழுவின மாதிரி பளிச்னு இருக்கும். இன்னும் சந்தேகம்னா நீலத் திரவ டெஸ்ட் கேளுங்க. டேங்க் வாயிலேருந்து வர்ற காத்தை அந்தத் திரவம் வழியா இழுப்பாங்க. நீலம் மஞ்சளாச்சுன்னா எரிஞ்ச கேஸ் கலந்திருக்கு. இந்த டெஸ்ட்டுக்கு ஆகிற செலவு ஹெட் இறக்கற கூலியில ஒரு மூலைக்குக் காணாது.

டீசல் வண்டின்னா இஜிஆர் கூலரையும் (இன்ஜினுக்குத் திரும்பப் போற புகையைக் கூலன்ட்டால ஆற வைக்கிறது) பார்க்கச் சொல்லுங்க. அது உள்ளுக்குள்ள ஒழுகினாலும் வெள்ளைப் புகை வரும், கூலன்ட் குறையும், ஆனா ஆயில் சுத்தமா இருக்கும். அதைப் பார்க்காம ஹெட்டை இறக்கி ஏமாந்தவங்க நிறைய பேர்.

கேஸ்கெட்தான்னு உறுதியாச்சுன்னா, வெறும் கேஸ்கெட் மாத்திட்டு மூடிட வேண்டாம். லேத்துல ஹெட்டைக் கொடுத்து வளைவும் விரிசலும் பார்க்கச் சொல்லுங்க. வளைஞ்ச ஹெட் மேல புது கேஸ்கெட் நிக்காது.

மணலி: குட்டி யானை ஓட்டுறேண்ணே. தெர்மோஸ்டாட் நம்ம ஊருக்குத் தேவையில்லன்னு கழட்டிட்டாங்க. கசிவுக்கு மஞ்சப்பொடி போட்டாங்க. சரியா?

ரெண்டுமே தப்புப்பா. தெர்மோஸ்டாட்ங்கறது இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. அது இல்லன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம டீசலைக் குடிக்கும். சில இன்ஜின்ல பைபாஸ் திறந்தே கிடந்து, கூலன்ட் ரேடியேட்டருக்கே போகாம சுத்தி இன்னும் ஹீட் ஆகும். புதுசு வாங்கி மாட்டிடு. மஞ்சப்பொடி கசிவை அடைக்கிறதோட ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். நடுரோட்டுல மாட்டினவன் வீடு சேரப் போட்டா மன்னிக்கலாம், அதுக்கப்புறம் ஃப்ளஷ் பண்ணியே ஆகணும்.

அடையாறு: சென்னையில பனியா உறையுது? தண்ணியே ஊத்தினா என்ன சார்?

சூட்டை இழுக்கிறதுல தண்ணி கூலன்ட்டை விட நல்லாவே வேலை செய்யும்மா, உண்மைதான். ஆனா துரு பிடிக்கும், அலுமினியத்தை அரிக்கும். போர் தண்ணின்னா கொதிக்கிற பாத்திரத்துல படியற அதே உப்பு உள்ளேயும் படியும். கேன் தண்ணி அவசரத்துக்கு ஓகே. மத்தபடி கான்சன்ட்ரேட்னா டிஸ்டில்ட் வாட்டர்ல பாதிக்குப் பாதி. ரெடிமிக்ஸ்னா தண்ணியே சேர்க்காதீங்க. நிறத்தை நம்பி வாங்காதீங்க, மேனுவல்ல சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்க.

பெருங்குடி: காருக்குள்ள இனிப்பு வாசனை, கண்ணாடியில எண்ணெய் பூசின மாதிரி பனிமூட்டம்.

ஹீட்டர் கோர் ஒழுகுது, அதாவது டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர். கார்பெட் ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாருங்க.

கிண்டி: கத்திப்பாரா டிராஃபிக்ல முள் சிவப்புக்குப் போயிடுச்சு. அந்த நேரத்துல என்ன செய்யணும்?

ஏறும்போதே ஏசியை ஆஃப் பண்ணி, ஹீட்டரை முழுசா வெச்சு, புளோயரைக் கூட்டி ஓரங்கட்டுங்க. வேர்க்கும், ஆனா இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியே வரும். சிவப்பைத் தொட்டுட்டா இன்ஜினை நிறுத்திடுங்க. மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்துல இருக்கிற கூலன்ட் முகத்துல பீறிட்டா தோல் வெந்துடும். குறைஞ்சது முக்கால் மணி நேரம் ஆறி, மேல் ஹோஸைக் கையால பிடிக்க முடிஞ்சப்புறம், தடித்துணி போட்டு மெதுவாத் திறங்க. கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தினா ஹெட் விரிசல் விடும்.

கொளத்தூர்: ஹோஸ் மாத்தி, கூலன்ட் நிரப்பி நாலு நாள் ஆச்சு. கொஞ்சம் இறங்கியிருக்கு. பயப்படணுமா?

வேண்டாம். உள்ளே நின்ன காத்து வெளியேறினதும் அந்த அளவு இறங்கும். காலையில ஆறின வண்டியில மேக்ஸிமம் வரைக்கும் ஊத்திட்டு, டேங்க்ல மார்க்கர் பேனாவால கோடு போட்டு வெச்சுக்கங்க. அடுத்த வாரமும் அந்தக் கோட்டுக்குக் கீழே போச்சுன்னா வண்டியை எடுத்துட்டு வாங்க, பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்துடலாம்.